பள்ளிவாசல் வேம்பும் நமது பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுவிட்டது. அதில் இடம்பெறாத ஒரு சொத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச அனுமதி கோருகிறோம். நமது பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் வேப்பமரமே அது. அதன் நுனிக்கிளைகள் கருகிவிட்டன. மரம் பட்டுவிட்டது, வெட்டிவிட்டுத் தகரக் கொட்டகை போடலாம் என்று ஒரு கோரிக்கை நிர்வாகத்தின் முன் வந்துள்ளது. கோரியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமைகளில் உள்ளே இடம் போதுவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பீகார், மேற்கு வங்க, அஸ்ஸாம் சகோதரர்கள் ஜும்ஆவுக்கு வரும்போது கடைசி ஸஃப்புகள் முற்றத்தில்தான் நிற்கின்றன. அவர்களுக்கு நிழல் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் நின்று தொழுதவர்கள் அந்த நிழலின் சுகத்தை அறிவார்கள்!

மரம் உண்மையில் பட்டுவிட்டதா? அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பல ஊர்களில் வேம்புகள் இவ்வாறே கருகின. 2021ஆம் ஆண்டு தெலங்கானாவில் இது பரவலாகக் காணப்பட்டது. தேயிலைக் கொசு எனப்படும் சிறு பூச்சி இளந்தளிரின் சாற்றை உறிஞ்சுவதும், ஒருவகைப் பூஞ்சை நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பரவுவதும் இதற்குக் காரணங்கள். பார்ப்பதற்கு நெருப்புப் பட்டது போலிருக்கும். எனினும் இவ்வாறு கருகிய மரங்களில் பல, வெயில் ஏறியதும் மீண்டும் தளிர்த்துவிடுகின்றன. கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நாங்கள் சுரண்டிப் பார்த்தோம். நுனியில் காய்ந்திருக்கிறது, அடிக்கிளைகளில் பச்சை இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

நோய் ஒருபுறமிருக்க, நாமே செய்த தவறு ஒன்றும் உண்டு. ஸஃப்பு நேராக அமைய வேண்டுமென்று அடிமரம் வரை சிமெண்டு பூசியவர்கள் நாம்தாம். மழைநீர் இறங்க ஒரு சாண் இடம்கூட விடவில்லை. வேருக்குத் தண்ணீர் மட்டுமன்றிக் காற்றும் வேண்டும் என்பதை அன்று எவரும் எண்ணவில்லை. தீர்மானத்தில் கையொப்பமிட்ட எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

12.12.2016 அன்று வர்தா புயல் நம் கரையைத் தாக்கியபோது சாய்ந்த மரங்களை எல்லோரும் பார்த்தோம். குல்மொஹர் போன்ற அயல் மரங்கள் ஏராளமாக விழுந்தன. நாட்டு மரங்களும் முழுமையாகத் தப்பவில்லை. கால்வாய்க்காக ஒரு பக்க வேரை வெட்டினால், காற்று தள்ளும்போது மரத்துக்குப் பிடிமானம் ஏது?

ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் இங்கு இருக்கிறீர்கள். அரஃபாத் மைதானத்தில் எந்த மர நிழலில் அமர்ந்து துஆ கேட்டீர்கள்? வேம்பின் நிழலில்தான். சவூதி நாட்டுக் கொடையாளர் ஒருவர் ஹாஜிகளின் நிழலுக்காக அங்கு 50,000 வேம்புகளை நடச் செய்தார் என்ற செய்தி, அமெரிக்க அறிவியலாளர் குழு 1992இல் வெளியிட்ட நூலில் பதிவாகியுள்ளது. நம் நாட்டு மரம் அந்தப் பாலை மண்ணில் பாடுபட்டு வளர்க்கப்பட்டு நிழல் தருகிறது. இங்கு தானாக வளர்ந்ததை நாம் வெட்டப் பார்க்கிறோம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்தமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதனை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மக்கள் இளைப்பாறும் நிழலை அசுத்தப்படுத்துவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆகவே நிர்வாகத்தின் கோரிக்கை இதுதான்: ஓராண்டு அவகாசம் தாருங்கள். காய்ந்த நுனிகளை மட்டும் கழித்து அப்புறப்படுத்துவோம். அடிமரத்தைச் சுற்றி ஆறடி அகலத்திற்குச் சிமெண்டைப் பெயர்த்தெடுப்போம். கடப்பாரை வேரில் படாதபடி கையால் செய்ய வேண்டிய வேலை அது. ஒளுச் செய்யும் நீர் இப்போது சாக்கடைக்குப் போகிறது. அதைக் குழாய் வழியே மரத்தின் பாத்திக்குத் திருப்பலாம். கழிப்பறை கழுவும் நீரும் பினாயிலும் அதில் கலக்கக் கூடாது. நீர் அடிமரத்தில் தேங்காமல் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். உறிஞ்சும் வேர்கள் வெளிப்புறத்தில்தான் உள்ளன.

மையவாடியின் ஓரத்திலும் புதிய கன்றுகள் நடலாம். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தின் சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கென்று டப்பாவில் வைத்தால் முளைப்பது அரிது. பையில் வளர்ந்த கன்றானால் வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அங்குள்ள மண் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கியது. மூன்றடிக் குழி எடுத்து, ஏரி வண்டலும் மக்கிய எருவும் இட்டு, ஐப்பசி மழைக்கு முன் நட வேண்டும். கட்டும் கயிறு தளர்வாக இருக்கட்டும். ஆடுகளுக்கு வேலி அவசியம். கன்று நடும் நாளில் புகைப்படத்துக்கு நிற்பவர்கள் பலர்; மூன்றாவது கோடையில் குடம் தூக்குபவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

அதற்காக அலுவலக அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். தெருவுக்கு இருவர் வீதம், எந்தக் கிழமை தண்ணீர் ஊற்ற இயலும் என்று எழுதிவிட்டுச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமையை மட்டும் எல்லோரும் எழுத வேண்டாம். வஸ்ஸலாம்.