உடல் மெலிதலும் உணவிற் புரதமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் பயிற்றுதலையே தொழிலாகக் கொண்ட யாம் உணவைப் பற்றிப் பேசப் புகுந்தமை தங்களிற் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். யாம் மருத்துவர் அல்லேம். ஆயினும் இப்பொருளைக் கற்றறியுமாறு எம்மை ஏவியது எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு துன்பமேயாகும். திருவள்ளுவர் 'மருந்து' என்றோர் அதிகாரம் வகுத்தும், அதனுள் ஒரு மருந்தின் பெயரையேனும் கூறாது, உணவின் அளவையே பெரிதும் வற்புறுத்தினார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே உணவின் அளவைப் பேசுதல் தமிழாசிரியர்க்கு முற்றும் அயலானதன்று.

நம் முன்னோர் காலால் நடந்தும் தோளாற் சுமந்தும் பொருளீட்டினர். நாமோ கடையிலும் அலுவலகத்திலும் நாற்காலியில் அமர்ந்து பொருளீட்டுகின்றோம். அவர்கள் உண்ட சோற்றினளவு நம்மிடம் குறைந்திலது; அவர்கள் செய்த வேலையோ நம்மிடம் இல்லை. அதன் பயன் நம் வயிற்றிலே தெரிகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் நிகழ்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வு, இந்நாட்டில் நீரிழிவு உடையார் பத்துக் கோடியர் என்று கணக்கிட்டது. இந்தியர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆடவரிடத்து 90 சென்டிமீட்டரையும் பெண்டிரிடத்து 80 சென்டிமீட்டரையும் கடத்தல் ஆகாது என்பது மருத்துவர் கொள்கை. இவ்வவையில் நூல் கொண்டு அளக்கப் புகின், எம்மையுள்ளிட்டுப் பலர் தலைகுனிய நேரும். ஆதலின் உடல் மெலிதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எங்ஙனம் மெலிதல் வேண்டும் என்பதே வினா.

எம் பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் எடை 84 கிலோவாக இருந்தது. யாம் ஒருவரையும் கேளாது, காலையிற் காப்பி மட்டும், நண்பகலில் ஒரு கரண்டிச் சோறும் இரசமும் மோரும், இரவில் இரண்டு வாழைப்பழம் என்று வகுத்துக்கொண்டோம். மூன்று திங்களில் 9 கிலோ குறைந்தது. திருமண வீடுகளிற் கண்டோரெல்லாம் புகழ்ந்தனர். அப்புகழ்ச்சியில் யாம் மயங்கினோம். வகுப்பில் ஒரு மணிநேரம் நின்று பாடஞ் சொல்லக் கால் தளர்ந்ததையும், மாடிப்படி ஏறுகையில் தொடை நடுங்கியதையும் யாம் பொருட்படுத்தவில்லை.

அறுபது வயது கடந்த எம் தமக்கையார் நீரிழிவு உடையவர். "தம்பி, உனக்கு இளைத்ததே, வழி சொல்" என்று அவர் கேட்டபோது யாம் பெருமிதத்துடன் அவ்வழியைக் கூறினோம். அவரும் இருவேளைக் கஞ்சியும் ஒருவேளை இரசஞ் சோறுமாக நான்கு திங்கள் இருந்தார், எடையும் குறைந்தது. ஒருநாள் விடியலில் பாயினின்றும் எழுகையில், கால் தாங்காது சாய்ந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். முதுமையும் பிறவும் காரணமாயிருக்கலாம். உணவொன்றே காரணம் என்று யாம் கூறத் துணியோம். ஆயினும் அவரைப் பார்த்த மருத்துவர், மெலிந்த தொடையைத் தொட்டுக் காட்டி, "எடை குறைந்தது உண்மைதான். குறைந்தது எது என்று பார்த்தீர்களா?" என்று எம்மை நோக்கி வினவினார். அவ்வினாவிற்கு எம்பால் விடையில்லை. அன்று தொட்டு விடை தேடியதன் பயனே இச்சொற்பொழிவு.

புரதமாவது யாது?

நம் உணவில் ஆற்றல் அளிப்பன மாச்சத்து, கொழுப்பு, புரதம் என முக்கியமாக மூன்று. மாச்சத்தும் புரதமும் கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 கலோரி தரும். கொழுப்பு 9 கலோரி தரும். முன்னைய இரண்டும் பெரும்பாலும் அடுப்பிற்கு விறகு போல்வன. புரதமோ வீட்டிற்குச் செங்கல்லும் உத்திரமும் போல்வது. தசை, தோல், மயிர், குருதி, உணவைச் செரிப்பிக்கும் நீர்கள், நோயை எதிர்க்கும் பொருள்கள் ஆகிய அனைத்திற்கும் அதுவே அடிப்படை. 1838-ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு இரசாயன அறிஞராகிய முல்டர் என்பார், சுவீடன் நாட்டுப் பெர்சீலியசு என்பார் கூறிய பெயரை மேற்கொண்டு, இதனைப் 'புரோட்டீன்' என வழங்கினார். முதன்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது.

ஒரு நுட்பத்தை ஈண்டு உணர்தல் வேண்டும். மிகுதியான கொழுப்பைச் சேர்த்து வைக்க உடலில் இடமுண்டு. மாச்சத்தையும் சிறிதளவு ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கலாம். புரதத்திற்கோ தனிக் களஞ்சியம் இல்லை. இயங்கும் தசையே அதற்குக் களஞ்சியம். நாம் உணவைக் குறைத்துப் புரதத்தையும் உடன் குறைத்தால், உடல் தனக்கு வேண்டிய புரதத்தைத் தசையை அழித்து எடுத்துக்கொள்ளும். கொல்லையில் விறகுக் கட்டு மிகுந்திருப்பவும் வீட்டின் உத்திரத்தை வெட்டி அடுப்பில் இட்டதை இஃது ஒக்கும். உணவைக் குறைத்து மெலிவாரிடத்துக் குறைந்த எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு தசை முதலியன என்றும், எஞ்சியதே கொழுப்பு என்றும் பொதுவாகக் கணிப்பர். புரதமும் உடற்பயிற்சியும் இல்லையாயின் தசையின் பங்கு மிகும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீசு என்பார் 36 இளைஞரை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை இழந்தனர். வலியும் ஊக்கமும் குன்றினர். பின்னர் நிறைய உண்டபோது கொழுப்பே விரைந்து திரும்பியது, தசை பின்தங்கியது. பட்டினி கிடந்து மெலிந்தவர் மீண்டும் பருக்கையில் முன்னினும் தளர்ந்த உடலோடு பருப்பதன் காரணம் இதனாற் புலனாகும். எமக்கும் இழந்த 9 கிலோவில் 7 கிலோ ஓராண்டிற்குள் மீண்டது.

எவ்வளவு வேண்டும்?

உணவாராய்ச்சி நமக்கு அயல்நாட்டுச் சரக்கன்று. 1918-ஆம் ஆண்டில் நம் குன்னூரிலேதான் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவுக்குறை நோய்களை ஆராயும் சிறு நிலையத்தைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்குச் சென்று, தேசிய உணவூட்ட நிறுவனமாகத் திகழ்கின்றது. அந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, நலமுள்ள ஒருவர்க்கு அவர் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆடவர்க்கு 54 கிராமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணிற்கு 46 கிராமும் ஆம்.

இஃது எடை மாறாது வாழ்வார்க்கு உரிய அளவு. உணவைக் குறைத்து மெலிய விரும்புவார்க்கு இது போதாது. உண்ணும் ஆற்றல் குறையுங்கால் புரதத்தின் ஒரு பகுதியும் விறகாக எரிந்து போதலின், கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. எடைக் குறைப்பில் ஈடுபடாத முதியோர்க்கே 1.0 முதல் 1.2 வரை வேண்டும் என்று 2013-இல் அறிஞர் குழுவொன்று கூறிற்று. எம் தமக்கையார்க்கு யாம் கூறிய வழி எத்துணைக் கொடியது என்பது இதனால் விளங்கும்.

மிகப் பருத்தவர் தம் இப்போதைய எடையைக் கொண்டு கணக்கிடலாகாது. கொழுப்பிற்குப் புரதம் மிகுதியும் வேண்டுவதின்று. தம் உயரத்திற்குத் தக்க எடை எதுவோ அதனைக் கொண்டு கணக்கிடல் நன்று. 84 கிலோ இருந்த எமக்குத் தக்க எடை 65 எனின், 78 முதல் 104 கிராம் வரை வேண்டும். யாம் முன்னர் உண்ட காப்பி, இரசஞ் சோறு, மோர், வாழைப்பழம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தோம். இருபது கிராமைச் சுற்றியே நின்றது!

புரதத்தால் வேறு நன்மையும் உண்டு. அது பசியை நெடுநேரம் அடக்கும். அன்றியும், புரதம் தரும் ஆற்றலில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு அதனைச் செரித்தற்கே செலவாகும். மாச்சத்திற்கு ஐந்து முதல் பத்து வரையே செலவாகும்.

எங்ஙனம் பெறுவது?

"நாங்கள் நாள்தோறும் சாம்பார் உண்கின்றோமே" என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறுபேர் உள்ள வீட்டில் 150 கிராம் துவரம் பருப்பு இட்டுச் சாம்பார் வைப்பர். துவரம் பருப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம். ஆகவே குண்டான் முழுவதிலும் 33 கிராம். ஆளுக்கு ஐந்தரை கிராம். அதுவும் சமமாகப் பகிர்ந்தால்தான். முதற் பந்தியில் அமரும் ஆடவர்க்கும் பிள்ளைகட்கும் கெட்டிப் பருப்புப் போய்விடும். இறுதியில் உண்ணும் தாய்க்கு மேல்நீரே மிஞ்சும். நம் பெண்டிர் உடல் பருத்தும் வலியின்றியும் இருப்பதற்கு இப்பந்தி முறையும் ஒரு காரணமன்றோ?

புலாலுண்ணாதார்க்கு ஒருநாள் உணவை யாம் வகுத்துக் காட்டுவோம். காலையில் 60 கிராம் பாசிப்பயற்றால் ஆகிய அடையும் ஒரு குவளைப் பாலும்: 20 கிராம். நண்பகலில் 75 கிராம் அரிசிச் சோறு, 40 கிராம் பருப்பு, பெரிய கிண்ணம் தயிர், இரண்டு காய்கறி: 24 கிராம். மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு சிறு பிடி வேர்க்கடலையும்: 13 கிராம். இரவில் இரண்டு சப்பாத்தி, 70 கிராம் பனீர், காய்கறி: 21 கிராம். ஆக 78 கிராம். எண்ணெயை அளந்து விடின் ஆற்றல் 1,800 கலோரியளவில் நிற்கும். பனீருக்கு மாறாகச் சோயாவும் கொள்ளலாம். முட்டையுண்பார்க்கு ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். மீனுண்பார்க்கு நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை கிடைக்கும். பொரித்துண்ணாது குழம்பாக்கி உண்பது நலம்.

அரிசியில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் என்னும் கூறு குறைவு. அரிசியில் அது போதியது. பருப்பும் சோறும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்பும். நம் பாட்டிமார் கூட்டு முறையிற் குற்றமில்லை. நாம் இடும் அளவிலேதான் குற்றம். சோற்றைப் பாதியாக்கிப் பருப்பை இரட்டித்தலே இச்சொற்பொழிவின் சாரம். மூன்று வேளையும் பங்கிட்டு உண்க. இரவில் ஒருங்கே உண்ணற்க.

எச்சரிக்கை

புரதம் மட்டும் உண்டு சும்மா இருந்தால் தசை வளராது. 2016-இல் கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 40 இளைஞர் நான்கு வாரம் உணவைப் பெரிதும் குறைத்துக் கடும்பயிற்சி செய்தனர். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் உண்டவர் தசையை இழக்கவில்லை, 2.4 கிராம் உண்டவர்க்குத் தசை சிறிது கூடவும் செய்தது. பயிற்சியும் புரதமும் மாட்டுவண்டியின் இரு சக்கரம் போல்வன. நாற்காலியினின்று கையூன்றாது பத்துமுறை எழுந்து அமர்தலும், நீர்க்குடம் தூக்குதலும் முதியோர்க்கு ஏற்ற தொடக்கம்.

மறுதலையாக, அளவிறந்த ஆசையும் கேடே. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், விலங்குத் தோல் முதலியவற்றினின்று எடுத்த தரங்குறைந்த புரத நீரை மட்டும் அருந்தி மெலிய முயன்றவருட் பலர் இதயத்துடிப்புக் கெட்டு மாண்டனர். புரதம் உயர்ந்தது என்று பிற உணவை ஒழித்தல் அறியாமை. கடையில் விற்கும் புரதப்பொடியும் உணவேயன்றி மருந்தன்று. பயறும் பாலும் எட்டுவார்க்கு அஃது இன்றியமையாததன்று. சிறுநீரக நோயுடையார்க்கு மேற்கூறிய அளவு தீங்கு விளைக்கும்; அவர்க்கு மருத்துவர் புரதத்தைக் குறைக்கவே கூறுவர். நீரிழிவு உடையாரிடத்து இந்நோய் மறைந்திருத்தலும் உண்டு. ஆகவே அவர்கள் குருதியையும் சிறுநீரையும் சோதித்து மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும். யாம் செய்த பிழையை, எம் சொற்கேட்டு மற்றொருவர் செய்தல் கூடாது.

முடிவுரை

எம் தமக்கையார் இப்பொழுது மருத்துவர் அனுமதியுடன் பயறும் தயிரும் முட்டையும் அளவறிந்து உண்கின்றார். எடை இரண்டு கிலோ கூடியுளது. அதனைக் குறித்து அவர் வருந்தவில்லை. கைத்தடியுடன் தெருக்கோடிக் கோயில் வரை நடந்து மீள்கின்றார்.

இச்சங்கத்தாரிடம் இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொண்டு அமைகின்றோம். ஒன்று, நம் மாதக் கூட்டங்களில் கேசரிக்கும் பஜ்ஜிக்கும் மாறாகச் சுண்டலும் நீர்மோரும் வழங்குதல். மற்றொன்று, நம் வீடுகளில் ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் அமர்ந்து, பருப்பை அடிவரை கலக்கிச் சமமாகப் பரிமாறிக்கொள்ளுதல். முன்னதற்குச் சங்கம் தீர்மானம் இயற்றுதல் வேண்டும். பின்னதற்கு இன்றிரவே தொடங்கலாம், தீர்மானம் வேண்டியதில்லை.