மழைக்கோட்டும் மெகாபோனும்

1970 நவம்பரில் அடித்த போலா புயல், இன்றைய வங்கதேசக் கரையில் குறைந்தது மூன்று லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. 2007-இல் வந்த சித்ர் புயலும் லேசுப்பட்டதல்ல. ஆனால் அதில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். செயற்கைக்கோளும் புயல் காப்பகங்களும்தானே காரணம் என்பீர்கள். பெரிய காரணங்கள்தான். ஆனால் 1970-லும் எச்சரிக்கை பலர் காதில் விழுந்தது. பாதுகாப்பான இடம் தேடிப் போனவர்கள் மிகச் சிலர். மாட்டையும் வீட்டையும் விட்டுவிட்டு வர ஒருவரைச் சம்மதிக்க வைப்பது, வானொலியில் இருந்துகொண்டே சொல்கிறேன், வானொலியால் மட்டும் ஆகாது. தெரிந்த முகம் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

அந்த முகங்களுக்காகவே 1972-இல் அங்கே புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள், பாதிப்பேர் பெண்கள். சம்பளம் கிடையாது; பயிற்சி, மழைக்கோட்டு, மெகாபோன், அவ்வளவுதான். இரக்கம் மட்டும் இவர்களை நிறுத்தி வைத்திருக்காது. இரக்கம் புயலன்று பொங்கும். புயலே வராத ஆண்டில் ஒத்திகைக்கு ஆள் சேர்க்காது. காப்பாற்ற வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதும், 'இவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்று ஊர் தரும் மதிப்பும்தான் சலிப்பான நாட்களைக் கடத்துகின்றன என்று நினைக்கிறேன். ஏழைகளின் உழைப்பை இலவசமாக வாங்குவதல்லவா இது? கேள்வி நியாயமானது. கூலி வேண்டாம் என்பவர் கைக்காசையும் இழக்கக் கூடாது. போக்குவரத்துச் செலவும் காப்பீடும் அரசின் பொறுப்பு.