வட்டுக்கோட்டைச் செமினரி சொல்லும் பாடம்

(ஹெலன்ஸ்பர்க் கோயில் மண்டபத்தில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க இங்கே தரப்படுகிறது.)



எனக்குத் தந்த தலைப்பு 'கல்வி'. கல்வியின் பெருமை எண்டு பொதுவாய்க் கதைக்கத் தொடங்கினால் சாப்பாட்டு மணி அடிக்கும் வரைக்கும் கதைக்கலாம். அதனால் ஒரேயொரு பள்ளிக்கூடத்தின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறன். அது வட்டுக்கோட்டைச் செமினரி. வட்டுக்கோட்டை எண்டவுடன எங்களில கனபேருக்கு 1976ஆம் ஆண்டுத் தீர்மானம்தான் ஞாபகத்துக்கு வரும். அதுக்கு நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி அந்த ஊரிலே நடந்த இன்னொரு பெரிய காரியத்தைப் பற்றித்தான் நான் சொல்லப் போறன். பெருமாள் கோயில் மண்டபத்தில நிண்டுகொண்டு வேதக்காரரின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏன் கதைக்கிறான் எண்டு ஒருவரும் குறை நினைக்கவேண்டாம். காரணம் போகப்போக விளங்கும்.

1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று ஊர் ஊராகக் குடியேறினார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்கள் கூரையில்லாமல் கிடந்தன. அவற்றைத் திருத்தி எடுத்து, பக்கத்திலே பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்தரப் பாடசாலையாகச் செமினரி தொடங்கியது. முதல் அதிபர் டானியல் பூவர் ஐயர். அடுத்த ஆண்டு, 1824இல், உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது.

செமினரியின் நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. சுதேச உபதேசிமாரையும் ஆசிரியர்மாரையும் பயிற்றி எடுப்பதுதான் நோக்கம். சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் மிஷன் செலவு. அமெரிக்காவில் இருந்த ஆதரவாளர்கள் பணம் அனுப்பினார்கள். பணம் அனுப்பியவரின் பெயரை, அல்லது அவர் சொன்ன பெயரை, பிள்ளைக்கு வைப்பது வழக்கம். அப்படித்தான் எங்கட சதாசிவம்பிள்ளை ஆணல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். கதிரைவேற்பிள்ளை வைமன் ஆனார். கண்ணால் காணாத ஒரு மனிசரின் பெயரை ஆயுள் முழுக்கச் சுமந்தார்கள்.

ஆனால் அந்தப் பெயர்களை இன்னொருமுறை கேட்டுப் பாருங்கோ. ஆணல்ட் சதாசிவம்பிள்ளை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. புதுப்பெயர் முன்னுக்கு வந்தது. பழைய பெயர் பின்னால் போகாமல் பக்கத்திலேயே நிண்டது. நான் இண்டைக்குச் சொல்ல வந்த சங்கதி எல்லாம் இந்தப் பெயருக்குள்ள இருக்கு.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதையும் அல்ல. ஆபிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் பிறீரவுண் நகரில், 1827இல், ஆங்கிலேய மிஷனரிமார் பூரா பே கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கேயும் ஆசிரியர்களையும் உபதேசிமாரையும் பயிற்றுவதுதான் நோக்கம். அதன் முதல் மாணவர்களில் ஒருவர் அஜாயி என்ற யொரூபா இளைஞர். சிறுவனாக இருக்கையில் ஊரை எரித்துப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்றார்கள். 1822இல் ஆங்கிலக் கடற்படைக் கப்பல் ஒன்று அடிமைக் கப்பலை மறித்து அவரை மீட்டு, பிறீரவுணில் இறக்கிவிட்டது. ஊர் எரிந்து, உறவு சிதறி, கப்பலில் ஏறி, தெரியாத கரையில் இறங்கியவர். இந்த மண்டபத்தில் இருக்கிற ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஞானஸ்நானத்தோடு சாமுவேல் குறோதர் என்ற ஆங்கிலப் பெயர் வந்தது. ஆங்கிலம் படித்தார், குருவானார், 1864இல் அங்கிலிக்கன் சபையின் முதல் ஆபிரிக்க ஆயர் ஆனார். ஆனாலும் நடுவில் அஜாயி என்ற பெயரை அவர் விடவில்லை. தன் தாய்மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதி, வேதாகமத்தையும் யொரூபாவில் கொண்டுவர உழைத்தார்.

திரும்ப வட்டுக்கோட்டைக்கு வருவோம். அங்கே என்ன படித்தார்கள்? ஆங்கிலம், கணிதம், கேத்திர கணிதம், வானசாஸ்திரம், பௌதிகம், தர்க்கம், வேதாகமம். இவற்றோடு குறளும் நன்னூலும் நிகண்டும் படித்தார்கள். ஒரே மாணவன் ஒரு கையில் யூக்கிளிட்டும் மறு கையில் நன்னூலும் வைத்திருந்தான். குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமெர்சன் ரெனென்ற் இந்தச் செமினரியைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களுக்குச் சமமாக வைக்கத் தக்கது என்று 1850இல் வெளியான தன் நூலில் எழுதினார்.

புத்தாண்டு நாளாகையால் பஞ்சாங்கக் கதை ஒன்று சொல்லவேணும். அந்தக் காலத்தில் வட்டுக்கோட்டைப் பகுதியில் விசுவநாத சாஸ்திரியார் என்ற பேர்பெற்ற பஞ்சாங்க கணிதர் இருந்தார். 1829 பங்குனியில் வந்த சந்திரகிரகணத்துக்கு அவருடைய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொன்னது. பூவர் ஐயர் தன் கணக்கின்படி வேறு நேரம் சொன்னார். சந்திரன் எவ்வளவு மறையும் என்பதிலும் இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. குறித்த இரவில் வானத்தைப் பார்த்தபோது பூவர் ஐயரின் கணக்குச் சரியாக இருந்தது. இதை வைத்து அவர் சைவத்தைக் குறைசொல்லப் பார்த்தார் என்பதும் உண்மை. மிஷனரி அல்லவா, அதைச் செய்யத்தான் வந்தவர்.

எங்கட ஆக்கள் என்ன செய்தார்கள்? கணக்கை எடுத்துக்கொண்டார்கள், கோயிலுக்குப் போவதை விடவில்லை! செமினரியில் படித்தவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு, பெறாதவர்களும் உண்டு, பெற்றுப் பிறகு திரும்பியவர்களும் உண்டு. வருசம் பிறக்கிற நேரத்துக்கு வாக்கியமா திருக்கணிதமா எண்டு இண்டைக்கும் நாங்கள் வாதாடுகிறம். இன்று காலையிலும் மருத்துநீர் வைத்த நேரத்தைப் பற்றி இந்த மண்டப வாசலிலே ஒரு வாக்குவாதம் நடந்தது. கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பழக்கம் நல்லது. அது பக்தியைக் கெடுக்காது.

இனி அந்தப் பள்ளிக்கூடம் தந்த பலனைப் பாருங்கள். 1841இல் வெளிவந்த 'உதயதாரகை' பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் இருவரும் செமினரியில் படித்த தமிழர்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே பத்திரிகையில் வந்தன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தர்க்கத்தைத் தமிழில் 'நியாய இலக்கணம்' என்று எழுதினார். கறல் விசுவநாதபிள்ளை அட்சர கணிதத்தை 'வீசகணிதம்' என்று தமிழில் தந்தார். ஆணல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது முதன்முதல் பி.ஏ. தேறிய இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை.

தாமோதரம்பிள்ளை பெரிய உத்தியோகம் பார்த்தார். அதோடு நிண்டிருந்தால் அவரை இண்டைக்கு ஆருக்குத் தெரியும்? செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று ஒவ்வொன்றாக அச்சிலே ஏற்றினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பயின்றவர், பின்னர் சைவராக வாழ்ந்தவர். மற்றவன் வீட்டில் கற்ற ஒழுங்கைக் கொண்டுவந்து தன் வீட்டுச் சொத்தைக் காப்பாற்றினார்.

ஆறுமுக நாவலரும் அப்படித்தான். அவர் படித்தது செமினரியில் அல்ல, யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில். பேர்சிவல் ஐயருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்றார். பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்புக்கேற்ற பாலபாடம், அச்சுக்கூடம், மேடைப் பிரசங்கம் எல்லாம் மிஷனரிமாரிடம் கண்டவை. கண்டதைத் தனதாக்கிக்கொண்டார்.

இன்னொருவரையும் சொல்லாமல் விட ஏலாது. டொக்ரர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் வந்த அமெரிக்க வைத்தியர். மானிப்பாயில் இருந்து எங்கட பிள்ளைகளுக்கு மேனாட்டு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். 1864இலிருந்து தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றியல், இரணவைத்தியம், இரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடிப் புத்தகம் ஆக்கினார். அவரிடம் பயின்ற வைத்தியர்கள் அறுபதுக்கு மேல். தமிழிலே விஞ்ஞானம் சொல்ல ஏலாது எண்டு இண்டைக்கும் சொல்லுகிறவை, ஒருக்கால் இந்த வெள்ளைக்காரரை நினைக்கவேணும்.

அப்படியென்றால் செமினரி ஏன் மூடப்பட்டது? அதுதான் வேடிக்கை. 1855இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் சபையின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் நேரில் வந்து விசாரித்தார். பாதிரிமாரை உருவாக்கத் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஆங்கிலம் கைவந்ததும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். சுவிசேஷம் சொல்லத் தாய்மொழி போதும், ஆங்கிலம் பிள்ளைகளைத் தன் சனத்திலிருந்து பிரிக்கிறது என்பது சபையின் எண்ணம். செமினரி அதே ஆண்டு மூடப்பட்டது. தமிழிலே படிப்பியுங்கோ எண்டு சொன்னது வெள்ளைக்காரர். இங்கிலீசுதான் வேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டது எங்கட பாட்டன் பூட்டன்! விடவும் இல்லை, 1872இல் ஊர்க் கிறிஸ்தவர்கள் முன்னிண்டு அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

பெற்றோரை நான் குற்றம் சொல்லமாட்டன். பிள்ளைக்குச் சோறு போடுகிற படிப்பை அவர்கள் தேடினார்கள். நாங்களும் அதைத்தான் தேடுகிறம். ஆனால் அன்றைக்கு உத்தியோகத்துக்கு மட்டும் படித்தவர்கள் உத்தியோகத்தோடு முடிந்துபோனார்கள். படித்ததைத் தமிழுக்குள்ளே கொண்டுவந்தவர்கள்தான் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு கசப்பான சங்கதியும் உண்டு. செமினரியின் படிப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அதில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளப் பிள்ளைகள். தெல்லிப்பழையில் விடுதி தொடங்கிய காலத்தில் மிஷன் வளவுக்குள் உண்ணப் பிள்ளைகள் மறுத்ததால், வெளியே சமைத்து உண்ண ஒழுங்கு செய்யவேண்டி வந்தது. சமத்துவம் போதித்தவர்களும் சாதிக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றார்கள். எத்தனை தாமோதரம்பிள்ளைகளை நாங்கள் அந்த வேலிக்கு வெளியே விட்டம் எண்டு ஆருக்குத் தெரியும்?

இப்ப எங்கட வீட்டுக்கு வருவம். எங்கட பிள்ளைகள் அவுஸ்திரேலியப் பள்ளிக்கூடத்தில நல்லாய்ப் படிக்கினம். பெயரைச் சொல்லக் கஷ்டம் எண்டு ரீச்சர்மார் சுருக்கிப்போட்டினம். பிள்ளைகளும் அதுக்குப் பழகிவிட்டினம். நான் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறனான். ஆறாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளின் எண்ணிக்கை குறைஞ்சுபோகும். கேட்டால், "மாஸ்ரர், பிள்ளைக்குச் சனிக்கிழமை ரியூசன், தமிழுக்கு நேரம் இல்லை" எண்டுவினம். கணக்கும் வேணும், தமிழும் வேணும் எண்டு இருநூறு வருசத்துக்கு முந்தி வட்டுக்கோட்டையில ஒரே நாளில ஒரே பிள்ளைக்குப் படிப்பிச்சவை. அந்தப் பிள்ளை ரண்டிலும் கெட்டுப்போகேல்லை. இங்கே எச்.எஸ்.சி. பரீட்சைக்கே தமிழையும் ஒரு பாடமாக எடுக்க வழி இருக்கு. வழி இருந்தும் நாங்கள்தான் பிள்ளையை மறிக்கிறம்.

மூன்று வேண்டுகோளோடு முடிக்கிறன்.

ஒன்று: பிள்ளையின் முழுப்பெயரை வீட்டிலாவது முழுதாய்க் கூப்பிடுங்கோ. பள்ளிக்கூடத்தில சுருக்குப் பெயர் இருக்கட்டும். ஆணல்டுக்குப் பக்கத்தில சதாசிவம்பிள்ளை நிண்டதைப் போல மற்றப் பெயரும் நிக்கட்டும்.

இரண்டு: இங்கே படித்து டொக்ரராகவும் எஞ்சினியராகவும் கணக்காளராகவும் வந்திருக்கிற தம்பி தங்கச்சிமார், வருசத்துக்கு ஒரு கட்டுரையாவது உங்கட துறையைப் பற்றித் தமிழில் எழுதித் தாருங்கோ. நீரிழிவைப் பற்றி எழுதுங்கோ, வீட்டுக்கடனைப் பற்றி எழுதுங்கோ. பிழை இருந்தால் திருத்த நாங்கள் இருக்கிறம். இந்த மலர் உங்களுக்குத்தான் இடம் வைத்திருக்கு.

மூன்று, முக்கியமானது: எங்களுக்குப் பிந்திப் படகில வந்து, நிரந்தர முடிவு இன்னும் கிடையாமல் தவிக்கிற குடும்பங்கள் எங்களுக்குள்ள இருக்கு. அந்தப் பிள்ளைகள் வகுப்புக் கட்டணத்துக்குக் கூச்சப்பட்டு வராமல் நிக்கினம். அவர்களின் கட்டணத்தை ஆர் கட்டினது எண்டு வெளியில தெரியாமல் நாங்கள் பங்கு போட்டுக் கட்டவேணும். கட்டினவரின் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கவும் வேண்டாம்! பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் வாசல் மேசைக்கு வாருங்கோ. சித்திரை விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கும் சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளும் வாங்கில இருக்கவேணும்.