கடன் கணக்கு வேறு, கூலிக் கணக்கு வேறு!

(உத்திரமேரூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வேலையை விட்டு நிற்கும் தொழிலாளி கடைசிச் சம்பளம் வாங்கப் போகிறான். கணக்கப்பிள்ளை நோட்டைப் புரட்டுகிறார். "பொங்கலுக்கு வாங்கியது இவ்வளவு, பெண் சடங்குக்கு வாங்கியது இவ்வளவு, வட்டி இவ்வளவு. கூலிக்கும் கடனுக்கும் சரியாப் போச்சு, போய் வா" என்கிறார். மாதம் முழுவதும் உழைத்தவன் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். ரைஸ் மில்லானாலும், செங்கல் சூளையானாலும், கரும்பு வெட்டானாலும் இதே கதைதான்.

வாங்கிய கடனைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைப்பாளி நாணயஸ்தன். ஆனால், கடன் கொடுத்தவரும் அவரே, கணக்கு எழுதுபவரும் அவரே, தீர்ப்புச் சொல்பவரும் அவரே, வசூலிப்பவரும் அவரே என்றால் அது எந்த ஊர் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது?

1936-ம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குத்தான் முக்கியமாகப் பயன்பட்டது. வயலில் உழைப்பவன் அதற்கு வெளியே நின்றான். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019-ம் வருடத்து ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் எதிர்த்துப் போராடிய தொகுப்புகளில் அதுவும் ஒன்று. ஆனாலும், அதில் நமக்குள்ள உரிமையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? நான்கு விஷயங்களை மனதில் பதியுங்கள்.

ஒன்று: நீக்கப்பட்டாலும், தானே விலகினாலும், ஆலை மூடப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இரண்டு: பிடித்தம் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 12,000 ரூபாய் சம்பளம், 15,000 ரூபாய் முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாய்க்கு மேல் அந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

மூன்று: எதற்காகப் பிடிக்கலாம் என்று சட்டத்திலே பட்டியல் இருக்கிறது. முன்பணம் அதில் உண்டு. முதலாளி தன் சொந்தப் பெட்டியிலிருந்து கொடுத்த கைக்கடன் அதில் தனியாகச் சொல்லப்படவில்லை. 'அது முன்பணம் அல்ல, தனிக் கடன். வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போ' என்று நாம் வாதாட இடமிருக்கிறது.

நான்கு: தவறாகப் பிடித்தால் மூன்று வருடத்துக்குள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். பாக்கியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது, நம்முடையது அல்ல.

ஆயிரம் ரூபாய் விலங்கு

கடைசிச் சம்பளமாவது கேட்க முடிந்தவனின் கதை இது. வேலையை விட்டே போக முடியாதவனின் கதை என்ன?

2019 ஜூலையில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர் குடும்பங்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அவர்களில் ஒரு முதியவர் வெறும் ஆயிரம் ரூபாய் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்தவர். அவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தைப் பத்திரிகைகளில் நாடே பார்த்தது.

ஆயிரம் ரூபாய் ஏன் அடையவில்லை? வாயையும் வயிற்றையும் நிரப்பவே போதாத கூலி. அதிலும் பிடித்தம். மீண்டும் கடன். மரத்தைத் தொழிலாளி வெட்டினான். கடனின் வேரை மட்டும் அவன் வெட்டக் கூடாது என்று முதலாளி பார்த்துக்கொண்டான்.

1976-ம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இப்படிப்பட்ட கடனை அடியோடு ரத்து செய்கிறது. அதில் ஒரு காசு கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது பலாத்கார உழைப்பே என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது.

கணக்கைக் காட்டு!

தோழர்களே! இந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக் கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே அதில் பொறித்திருக்கிறார்கள். அந்த ஓலையில் நிலமுள்ளவன் பெயர்தான் ஏறியது. உழுத கூலியாளின் பெயர் ஏறவில்லை. அன்று நிலமுடையோர் தமக்குள் கேட்ட கணக்கை இன்று நாம் கேட்கிறோம்!

ஆகவே, முன்பணம் வாங்கும் அன்றே தொகையையும் தேதியையும் உங்கள் நோட்டிலும் எழுதி வாங்குங்கள். வெள்ளைத்தாளிலோ எழுதாத புரோநோட்டிலோ கையெழுத்தும் கைநாட்டும் வைக்காதீர்கள். மாதாமாதம் சம்பளச் சீட்டுக் கேளுங்கள். கணக்கு முடிக்கும்போது தனியாகப் போகாதீர்கள். சங்கத் தோழர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கடனைக் காட்டி எவரையாவது அடைத்து வைத்திருந்தால் உடனே சப்-கலெக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.

தனி ஆள் கேட்டால் கணக்கப்பிள்ளை நோட்டை மூடுவார். நூறு பேர் கேட்டால் திறந்துதான் ஆக வேண்டும். முதலில் கூலி, பிறகு கடன். இதுவே நமது கோரிக்கை!