ரேம்: எந்த ஸ்லாட்டில் பொருத்துவது?



எங்கள் ஆய்வகத்தில் திணறிக்கொண்டிருந்த கணினிக்கு இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கி, பழையதன் பக்கத்து ஸ்லாட்டில் செருகினேன். 8 ஜிபி என்று காட்டியது, மகிழ்ந்தேன். ஆனால் இரண்டும் ஒரே சேனலில் இருந்தன. கையேட்டைப் பார்த்த பிறகே தவறு புரிந்தது.

நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில், பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஆகியவற்றில் பொருத்த வேண்டும். அப்போதுதான் 64 பிட் பாதைகள் இரண்டும் சேர்ந்து இயங்கும்.

டிடிஆர்3 ரேமுக்கு 240 பின், டிடிஆர்4க்கு 288. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது, அழுத்தாதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்து, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே ரேமைக் கையில் எடுங்கள்.

“கேள்வியை முழுதாகப் படித்து எழுது” என்று மாணவரிடம் சொல்கிறோம். கையேடு நமக்கான வினாத்தாள்.