மருந்தும் கைராசியும்

(மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



மேல்படிப்பைப் பற்றியும், அதனால் கிடைக்கும் உத்தியோகங்களைப் பற்றியும் பேசும்படி இன்று நம்மைக் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பழைய புஸ்தகக் கடையையும் இரவல் பத்திரிகைகளையும் நம்பிப் படித்த நம்மைக் கூப்பிட்டு இதைப் பேசச் சொன்னது வேடிக்கைதான். ஆனாலும் ஒப்புக் கொண்டோம். ஏனென்றால் நாம் சொல்ல எடுத்துக் கொண்டிருக்கும் படிப்பு, சம்பளம் தருவதோடு, நம் ஜனங்களின் தலையில் நெடுநாளாய் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு பைத்தியக்காரத்தனத்தின் வேரிலும் கை வைக்கிற படிப்பாகும்.

அதற்குப் பார்மகோஜீனோமிக்ஸ் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மரபணு மருந்தியல் என்று தமிழில் சொல்லலாம். ஒரே வியாதி, ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவர் எழுந்து நடக்கிறார். ஒருவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. மற்றொருவர் அந்த மருந்தினாலேயே படுத்து விடுகிறார். இது ஏன் என்று கேட்டு, தாய் தகப்பனிடமிருந்து நமக்கு வந்த ஜீன்களில் காரணம் தேடுகிற சாஸ்திரம் இது.

இதே கேள்விக்கு நம் ஊரில் என்ன பதில் சொல்லுகிறார்கள்? பிழைத்தால் டாக்டருக்குக் கைராசி என்கிறார்கள். பிழைக்காவிட்டால் சனி பார்க்கிறான் என்கிறார்கள். மருந்து "ஒத்துக் கொள்ளவில்லை" என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார்கள். ஒத்துக் கொள்ளவில்லை என்பது வாஸ்தவம். ஏன் ஒத்துக் கொள்ளவில்லை என்று அடுத்த கேள்வி கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

அந்த அடுத்த கேள்வி நம் சென்னையிலேயே கேட்கப்பட்டிருக்கிறது. 1956-இல் சென்னையில் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஐசோனியாசிட் என்ற மாத்திரை அப்போது உலகத்துக்கு வந்து நாலு வருஷந்தான் ஆகியிருந்தது. ஏழை நோயாளிகள் அந்த மாத்திரையைத் தின்றார்கள். சிலருடைய இரத்தத்தில் மருந்து வெகுநேரம் தங்கிற்று. சிலருடைய இரத்தத்தில் சீக்கிரமே இறங்கிவிட்டது. ஈரலில் இருக்கிற ஒரு நொதிதான் மருந்தை மாற்றி வெளியே தள்ளுகிறது. அந்த நொதி வேகமாய் வேலை செய்வதும் மெதுவாய் வேலை செய்வதும் பிறவியிலேயே அமைந்தது. சென்னை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மெதுவான கூட்டத்தார் என்று 1961-க்குள் கணக்கெடுத்து விட்டார்கள். தினமும் மாத்திரை தின்னும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகக்காரர்கள் பின்தங்கினார்கள். மெதுவான கூட்டத்தாருக்கோ மருந்து தேங்கிக் கால் எரிச்சல் கண்டது. அதற்குப் பி6 என்கிற வைட்டமின் கொடுத்தால் தடுக்கலாம். இதில் கைராசி எங்கே வந்தது? சனி எங்கே வந்தான்? ஒரே டாக்டர், ஒரே கை.

நிற்க. இந்தச் சாஸ்திரம் பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். 1939-இல் ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி, செயின்ட் லூயி என்ற கப்பலில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்கள் கியூபாவுக்குப் போனார்கள். அங்கே இறங்க விடவில்லை. அமெரிக்காவும் விடவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிற்று. அதில் ஆர்னோ மொட்டல்ஸ்கி என்கிற பையன் ஒருவன் இருந்தான். பிறகு பிரான்சில் முகாம்களில் அடைபட்டுக் கிடந்து, 1941-இல் எப்படியோ அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். இரத்தத்தில் உயர்வு தாழ்வு பேசினவர்களால் விரட்டப்பட்ட அந்தப் பையன்தான் டாக்டராகி, பரம்பரைக்கும் மருந்துக்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக்காட்டி 1957-இல் கட்டுரை எழுதினார். 1959-இல் ஜெர்மனியில் பிரடரிக் வோகல் என்பவர் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். மூன்று வருஷம் கழித்து கனடாவில் வெர்னர் காலோ என்பவர் இதைப் பற்றி முழுப் புஸ்தகமே எழுதினார்.

இன்னொருவர் ராபர்ட் ஸ்மித். லண்டன்காரர். இரத்தக் கொதிப்புக்கான டெப்ரிசோக்வின் என்ற மருந்தைத் தானும் தின்று, கூட வேலை செய்கிறவர்களையும் தின்னச் செய்து சோதித்தார். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். இவருக்கு மாத்திரம் இரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி, நிற்க முடியாமல் போய்விட்டது. நம்மவராயிருந்தால் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பார்கள். அவர் தன் உடம்பில் என்ன குறை என்று துருவி, அந்த மருந்தைச் சிதைக்கிற நொதி சிலருக்கு வேலை செய்வதேயில்லை என்று 1977-இல் வெளியிட்டார். அதே நொதி வேறு சிலருக்கு அளவுக்கு மீறி வேலை செய்யும். கோடீன் என்ற வலி மருந்தை உடம்புக்குள் மார்பினாக மாற்றுவது இந்த நொதிதான். தொண்டைச் சதை அறுவைக்குப் பிறகு கோடீன் கொடுத்த குழந்தைகளில் சிலர் இதனால் மூச்சடங்கி இறந்தார்கள். அதன் மேல்தான் அமெரிக்க மருந்து இலாகா 2013-இல் கடும் எச்சரிக்கை போட்டு, 2017-இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கோடீனே கூடாது என்று சொல்லிற்று.

வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மாத்திரை இன்னொரு பாடம். சிலருக்கு அதனால் மேலெல்லாம் கொப்பளித்துத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். 2004-இல் தைவான் ஆராய்ச்சிக்காரர்கள் இதற்குச் சம்பந்தப்பட்ட ஜீனைக் கண்டுபிடித்தார்கள். ஆசிய வம்சத்தாருக்கு அந்த ஜீனைச் சோதித்த பிறகே மாத்திரை கொடுப்பது நல்லதென்று 2007-இல் மருந்துச் சீட்டிலேயே அச்சாகிவிட்டது. நம் ஊரில் தோல் கொப்பளித்தால் என்ன செய்கிறோம்? அம்மா இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மன் கோபித்துக் கொள்ளுவாளாம். புது மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களுக்குள் உடம்பில் கொப்பளமோ வாய்ப்புண்ணோ கண்டால், வேப்பிலை தேடாமல் மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக் கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இந்தக் கூட்டத்திலிருந்து வேறு ஒன்றும் நினைவில்லாவிட்டாலும் இதை நினைவில் வையுங்கள்.

ஜாதி விஷயமும் இதில் வந்து சேருகிறது, நாமாக இழுக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்துவதற்குச் சக்சினைல்கோலின் என்ற மருந்தை ஏற்றுவதுண்டு. சில நிமிஷங்களில் அதன் வேகம் தணிந்துவிட வேண்டும். அதைச் சிதைக்கிற நொதி இல்லாதவருக்கு மணிக்கணக்காகத் தானே மூச்சுவிட முடியாது. இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். தென்னிந்தியாவில் தலைமுறை தலைமுறையாய்த் தங்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்து வந்த ஒரு வகுப்பாரிடம் இந்தக் குறை அதிகமாய் இருப்பதை டாக்டர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். இதில் அந்த வகுப்பார் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலி போட்டுக் கொண்ட எந்த வகுப்பாருக்கும் ஏதாவது ஒரு ஜீன் இப்படிப் பெருகத்தான் செய்யும். இரத்தம் கலந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்கள், கலக்காததால் வருகிற கஷ்டத்தையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளட்டும்.

இனி படிப்புக்கு வருவோம். இதற்கென்று ஒரே வாசல் கிடையாது. பி.பார்ம். படித்த பிள்ளை ஜிபாட் பரீட்சை எழுதி எம்.பார்ம்.-இல் மருந்தியல் எடுக்கலாம். பி.எஸ்ஸி. படித்தவர் எம்.எஸ்ஸி.-யில் மரபியலோ உயிர் தொழில்நுட்பமோ உயிர்தகவலியலோ எடுக்கலாம். எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு எம்.டி. மருந்தியல் இருக்கிறது. அதற்கு மேல் பி.எச்டி. ஆராய்ச்சி. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற பரீட்சையில் ஜே.ஆர்.எப். தேறினால், ஆராய்ச்சி மாணவருக்கு சர்க்காரே மாதச் சம்பளம் போல உதவித் தொகை கொடுக்கிறது. 2023 ஜனவரி முதல் ஆரம்பத்தில் மாதம் 37,000 ரூபாய் என்று வைத்தார்கள். படித்துக்கொண்டே வீட்டுக்கும் அனுப்பலாம். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தமிழர்களிடம் இந்த நொதி ஜீன்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பல வருஷமாய் ஆராய்ந்து, 2003-லேயே கணக்கு வெளியிட்டிருக்கிறார்கள். ஆகையால் சீமைக்குப் போனால்தான் ஆகும் என்பதில்லை.

போக விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் பணம் கட்ட வேண்டும். விஞ்ஞானத்தில் பி.எச்டி.க்குப் பொதுவாகச் சம்பளம் கட்டுவதற்குப் பதிலாக அவர்களே நமக்கு உதவித் தொகை கொடுக்கிறார்கள். இது தெரியாமல் காணி நிலத்தை விற்றும், வட்டிக்குக் கடன் வாங்கியும் தரகர்கள் சொன்ன இடத்தில் பணத்தைக் கொட்டினவர்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருந்து விஞ்ஞானமும் பார்மகோஜீனோமிக்ஸும் சேர்ந்த பி.எச்டி. படிப்பே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் முதல் வருஷம் இரண்டு மூன்று ஆராய்ச்சிசாலைகளில் மாறி மாறி வேலை செய்து பார்த்து, பிறகு ஒருவரைக் குருவாகப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு கடுமையான பரீட்சை. மொத்தம் ஐந்து வருஷத்துக்குக் குறையாது.

என்ன படிப்பார்கள்? உடம்பு மருந்தை என்ன செய்கிறது, மருந்து உடம்பை என்ன செய்கிறது என்பது ஒன்று. ஜீனைப் படிப்பது ஒன்று. இவை இரண்டையும்விட நம் பிள்ளைகள் அலட்சியம் செய்வது கணக்கு. ஆயிரம் பேருடைய ஜீன் விவரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புள்ளியியலும், ஆர், பைத்தான் போன்ற கணிப்பொறிப் பாஷையும் வேண்டும். கண்ணாடிக் குழாய் பிடிக்கக் கை நடுங்குகிற பிள்ளைகூடக் கணிப்பொறி முன் உட்கார்ந்து இத்துறையில் பெரிய வேலை செய்யலாம்.

உத்தியோகத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுகிறோம். வெளிதேசத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில், நோயாளியின் ஜீன் சோதனையைப் பார்த்து டாக்டருக்கு மருந்து யோசனை சொல்லுகிற மருந்தியலாளர் என்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அது இன்னும் அபூர்வம். இங்கே வேலை பெரும்பாலும் மருந்துக் கம்பெனிகளிலும், மருந்துகளை மனிதரிடம் பரிசோதிக்கும் நிறுவனங்களிலும், ஜீன் சோதனைச் சாலைகளிலும், ஜீன் விவரங்களைக் கணக்கிடும் கம்பெனிகளிலும், கல்லூரிகளிலுந்தான். ஹைதராபாத், பெங்களூர், சென்னை இவைகளே முக்கியமான ஊர்கள். படித்து முடித்த மறுநாளே மோட்டார் வாங்கலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் வேலைக்குப் பஞ்சமிருக்கலாம். செய்ய வேண்டிய காரியத்துக்குப் பஞ்சமே இல்லை. 2016-இல் எடுத்த ஒரு கணக்குப்படி, உலகத்தில் நடந்த பெரிய ஜீன் ஆராய்ச்சிகளில் உட்பட்டவர்களில் 81 சதவிகிதம் பேர் ஐரோப்பிய வம்சத்தார். அவர்கள் உடம்பைப் பார்த்து எழுதின அளவை நம் உடம்புக்குப் போட்டால் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மருந்தில் இது நடந்தது. ஐரோப்பியருக்கு முக்கியமான ஜீனை மாத்திரம் வெகுகாலம் பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஆசியக் குழந்தைகளுக்கு நட்15 என்ற வேறொரு ஜீன் முக்கியம் என்பது 2014-இல் கொரியா தேசத்தார் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இந்தியாவில் முதலில் ஆயிரத்துச் சொச்சம் பேருடைய ஜீன் விவரமும், பிறகு ஜீனோம் இந்தியா என்ற திட்டத்தில் பதினாயிரம் பேருடைய விவரமும் எடுத்திருக்கிறார்கள். அதைத் தோண்டிப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஜாதகத்தை விட்டுவிட்டு ஜீனைப் பிடித்துக் கொண்டு அதையே புதுத் தலையெழுத்தாக்கிவிடாதீர்கள். மருந்து பலிப்பது வயதைப் பொறுத்தது, ஈரலையும் சிறுநீரகத்தையும் பொறுத்தது, கூடத் தின்னும் வேறு மருந்துகளைப் பொறுத்தது. எச்சிலை அனுப்பினால் எந்த மருந்து ஏற்கும், எந்த விளையாட்டு வரும், குழந்தை என்ன ஆவான் என்றெல்லாம் சொல்லுகிறோம் என்று விற்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். மருந்தைப் பற்றி நிரூபணமில்லாமல் இப்படிச் சொல்லும் சோதனைகளை நம்ப வேண்டாமென்று அமெரிக்க மருந்து இலாகாவே 2018-இல் எச்சரித்திருக்கிறது. எந்த ஜீனுக்கு எந்த மருந்தை மாற்ற வேண்டும் என்பதை ஆதாரத்தோடு எழுதுவதற்கு சிபிக் என்ற சபை 2009-இல் ஏற்பட்டது. அதன் ஏட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் சீட்டு அனுப்பியிருக்கிறார். பெண்ணுக்கு இவ்வளவு வருஷப் படிப்பு எதற்கு என்று உறவினர் கேட்கிறார்களாம். இப்போது சொன்ன சிபிக் சபையை முன்னின்று நடத்தியவர்கள் மேரி ரெல்லிங், டெரி கிளைன் என்ற இரண்டு பெண்கள். ரெல்லிங் அம்மையார் மருந்தியல் படித்தவர். மெம்பிஸ் நகரத்தில் புற்றுநோய்க் குழந்தைகளின் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். இதை உறவினரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் அவர்களை விட்டுவிட்டுப் பெண்ணிடம் பேசுங்கள். பெண்ணின் மார்க்குச் சீட்டை இன்று கொண்டு வந்திருந்தால் கூட்டம் கலைந்த பிறகு வாசகசாலை மேஜைக்கு வரலாம். பாரம் நிரப்பத் தெரிந்த இரண்டு மாணவத் தோழர்கள் ஒன்பது மணி வரை இருப்பார்கள்.