காக்கையும் பனம்பழமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தத்துவம் படித்தவனை மேடையேற்றினால் ஆபத்து என்று தெரிந்தே அழைத்திருக்கிறீர்கள். பத்து நிமிஷம்தான். தலைப்பு, 'காரணம் என்றால் என்ன?'

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். காக்கையா தள்ளியது? ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹ்யூம் 1739-இல் கிளப்பியதும் ஏறக்குறைய இந்தச் சந்தேகம்தான். பில்லியர்ட்ஸ் பந்து ஒன்று மோதுகிறது, மற்றது உருளுகிறது. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, எப்போதும் சேர்ந்தே வருகின்றன. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். 'தள்ளும் சக்தி'யை யார் பார்த்தார்கள்? பழக்கத்தால் நம் மனசு முடிச்சுப் போடுகிறது என்றார்.

சேர்ந்து வந்தால் போதுமா? சேவல் கூவினதாலா பொழுது விடிகிறது? இது வெறும் வகுப்பறை வாதம் இல்லை. 1950-இல் டால், ஹில் என்ற இருவர் லண்டன் மருத்துவமனைகளில் விசாரித்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். புள்ளியியல் மாணவர்கள் கும்பிடும் ஆர்.ஏ. ஃபிஷரே எதிர்த்தார். ஏதோ ஒரு பிறவிக்கூறு புகைக்கவும் தூண்டி, நோயையும் தரலாமே என்றார். (அவர் பைப் பிடிப்பவர் என்பது வேறு விஷயம்!) கேள்வி நியாயமானதுதான். ஆனால் புகையை விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தது. பிறவிக்கூறு மட்டுமே காரணமென்றால், விட்டதால் அது ஏன் குறைய வேண்டும்?

'அது இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?' என்று கேட்பது இன்னொரு வழி. 1748-இல் ஹ்யூமே இதைத் தொட்டுவிட்டுப் போனார். 1973-இல் அமெரிக்கர் டேவிட் லூயிஸ் முழுக் கொள்கையாகக் கட்டினார். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனாலும் இடிக்கிறது. ஹாஸ்டல் ஜன்னலுக்கு ரெண்டு பேர் கல் வீசுகிறார்கள். முதல் கல் கண்ணாடியை உடைக்கிறது. அடுத்த கல் அந்த ஓட்டை வழியே போகிறது. முதலாமவன் எறியாவிட்டாலும் கண்ணாடி உடைந்திருக்கும். அப்போ அவன் உடைக்கலையா? வார்டன் ஒத்துக்குவாரா?

தம்பி, தங்கைகளே, சிரிக்காதீங்க. நாளைக்கு ஆபீசில் உட்காரும்போது, 'நான் கையெழுத்துப் போடாட்டாலும் வேற ஒருத்தன் போட்டிருப்பான் சார்' என்ற பேச்சைக் கேட்பீர்கள். ரெண்டாவது கல்லைக் காட்டி முதல் கல்லைத் தப்பவைக்கிற அதே வாதம்தான்.

லூயிஸ் இந்தக் கல்லோடு வருஷக்கணக்கில் மல்லாடி, 2000-இல் தன் கொள்கையையே திருத்தி எழுதினார். மறு வருஷம் காலமானார். தகராறு இன்னும் ஓயவில்லை. மிச்சத்தைப் பந்தியில் பேசிக்கொள்வோம், சாம்பார் ஆறிவிடும்.